இடது முன் சக்கரத்தின் ஐந்து நட்டுகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். பெரியவர். அவருடைய தம்பி. தம்பியின் மகள். தங்கை. தங்கையின் கணவர், கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆகியும் அந்த வீட்டில் அவருக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர். ஆறாவது ஆள் உதிரிபாகக் கடைக்காரர். எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் எடை சொல்லாமல் கீழே வைக்க மாட்டார் என்பதால் பந்தய வட்டாரத்தில் அவரைத் தராசு என்பார்கள். இந்த ஆறு பேரைத் தவிர அங்கே ஈ காக்காய் கிடையாது. தாங்களும் கூட இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரும் அன்றைக்கு அந்தப் படி ஏறவில்லை.

ஷெட் என்பது வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. நடுவில் கார், நான்கு மூலையிலும் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரம் இல்லாமல் நின்றது. பின் சீட்டு, தரைவிரிப்பு, ரேடியோ எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டு உள்ளே இரும்புக் குழாயால் கூண்டு கட்டிய பழைய சின்னக் கார். விமானம் இறங்குவதை நிறுத்திவிட்ட ஓர் ஓடுதளத்தில் மாதம் ஒரு முறை ஓடுவது. ஜெயித்தால் ஒரு கோப்பை, கொஞ்சம் கைதட்டல், அவ்வளவுதான். ஆசைக்கு ஓட்டுகிறவர்களின் பந்தயம்.

ஐந்து வாரத்துக்கு முன்னால், மூன்றாவது சுற்றின் இரண்டாவது வளைவில், இந்தக் காரின் இடது முன் சக்கரம் கழன்று தனியாக ஓடியது. கார் டயர்ச் சுவரில் போய் இடித்தது. தம்பியின் இடது முழங்கால் நொறுங்கியது. இனி அது முழுதாக மடங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கிளட்ச் மிதிக்க உதவாத கால். நடுவில் வந்த பந்தயத்துக்கு அவர்கள் போகவில்லை. சிறிய பிரிவில் மூன்று சீசன் ஓட்டிப் பழகிய மகள்தான் அடுத்த பந்தயத்தில் இந்தக் காரை ஓட்டப்போகிறாள். அதற்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது.

ஆனால் அவர்கள் கூடியதற்குக் காரணம் மேசை மேல் கிடந்த கடிதம். பந்தயச் சங்கத்தின் தொழில்நுட்பக் குழு எழுதியிருந்தது. சக்கரம் கழன்றதற்கு நட்டு காரணமா, முறுக்கியது காரணமா என்பதை அணி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முறுக்கியதுதான் என்றால், சக்கரப் பொறுப்பாளர் என்று கையெழுத்திட்டவரின் அனுமதி அட்டை நிரந்தரமாக ரத்து. கையெழுத்திட்டிருந்தவர் மாப்பிள்ளை. வாரத்தில் ஆறு நாள் குடிநீர் அலுவலகத்தில் கோப்பு புரட்டுகிற மனிதர். பந்தயம் நடக்கிற அந்த ஒரு நாளைத்தான் அவர் வாழ்ந்த நாளாகக் கணக்கு வைத்திருந்தார்.

பெரியவர் மர ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எப்போதும் அப்படித்தான் உட்காருவார். முப்பத்தாறு வருடம் பேருந்துப் பணிமனையில் ஃபோர்மனாக இருந்தவர். அவர் பார்த்து வெளியே அனுப்பிய ஒரு பேருந்துக்கும் வழியில் சக்கரம் கழன்றதில்லை. அந்தப் பணிமனையில் ஒரு விதி இருந்தது. கடைசியாக முறுக்குகிறவர் ஒருவரே. அவர் முறுக்கி, நட்டின் மேல் மஞ்சள் பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அதன்பின் இன்னொரு கை அதில் படக் கூடாது. தப்பு நடந்தால் யார் என்று தேட வேண்டியதில்லை, அதற்காக வந்த விதி. ஓய்வுபெற்ற பிறகு அந்த விதியை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இந்தக் காரில் நட்டை ஏர் கன்னால் ஏற்றுவது மாப்பிள்ளை, கடைசியாக ரெஞ்சால் முறுக்குவது அவர். வீட்டில் அது வேறு ஒன்றாக மாறிப்போனது. அண்ணன் முறுக்கியதை இன்னொருவர் தொட்டுப் பார்ப்பது அண்ணனை நம்பாததற்குச் சமம் என்று ஆனது. யாரும் அப்படிச் சொல்லி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஐந்து வாரமாக அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. சாப்பிட்டார், குளித்தார், மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்தார். தம்பியின் மாவுக்கட்டைப் பார்த்தபோது கட்டு சுத்தமாகப் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் தோன்றியது. பல்லில் மரத்துப்போக ஊசி போட்டால் கன்னம் தன்னுடையது இல்லை என்று இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

"எடுத்து வைங்க ஐயா, பார்ப்போம்," என்றார் தம்பி தராசிடம். கட்டுப்போட்ட காலை ஒரு டயரின் மேல் நீட்டியிருந்தார்.

தராசு மேசையில் துணி விரித்து மூன்று வகை நட்டுகளை வைத்தார். முதலாவது அலுமினியம், ரத்தச் சிவப்பு நிறத்தில். இரண்டாவது கண்ணாடி மாதிரி பளபளக்கும் குரோம் மூடி போட்டது. மூன்றாவது கறுப்பு. பார்க்க லட்சணமே இல்லாத, இரண்டு பக்கமும் திறந்த, முழு எஃகு நட்டு.

"இந்தச் சிவப்பு இருக்கே, இருபத்தஞ்சு கிராம். கறுப்பு அறுபது. ஒரு காருக்கு இருபது நட்டு. எழுநூறு கிராம் மிச்சம்! அதுவும் சுத்துற எடை. சுத்துற எடை குறைஞ்சா வண்டி பறக்கும்."

"அந்த எழுநூறு கிராமைச் சின்னண்ணன் காலைச் சாப்பாட்டுல குறைச்சிருக்கலாம்," என்றாள் தங்கை. "போன வருஷமே பறந்திருப்பாரு."

"நான் சாப்பிடறது உன் கண்ணை உறுத்துதா?"

"கண்ணை உறுத்தலை. பெல்ட்டைத்தான் உறுத்துது."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. வழக்கமாக மனைவி சொல்வதற்கு முதலில் சிரிப்பவர் அவர்தான்.

பெரியவர் சிவப்பு நட்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். எடையே தெரியவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை சக்கரம் மாத்தறோம்?" என்று கேட்டார். அவர் குரல் பணிமனைக் குரலாகவே வந்தது.

"ஈரத்துக்கு ஒரு டயர், காய்ஞ்சதுக்கு ஒரு டயர், பயிற்சிக்குப் பழசு," என்று மகள் விரல் விட்டாள். "ஆறு தடவை வரும் பெரியப்பா. மழை விளையாட்டு காட்டினா எட்டு."

"ஆறு தடவை ஏர் கன் வெச்சு அடிச்சா இந்தச் சிவப்போட மூலை எல்லாம் ஒரே சீசன்ல மழுங்கிடும். அலுமினியம் மெத்து. நட்டு ஏறுற எஃகுத் தண்டு, அந்த ஸ்டட் மேல சூட்டோட ஓடினா மரை ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும். அப்புறம் நட்டைக் கழட்டினா ஸ்டட்டும் சேர்ந்து வரும்."

"அது சரி, குரோம்?" என்றார் தராசு, தோற்காதவர்போல.

"மேல இருக்கறது வெறும் தகரத் தொப்பி. உள்ள தண்ணி போனா துருப் பிடிச்சு உப்பும். பத்தொன்பது மில்லி சாக்கெட்டுக்குள்ள அது நுழையாது. ரெண்டு நிமிஷத்துல சக்கரம் மாத்தணும்கிற இடத்துல சுத்தியல் தேடிக்கிட்டு நிக்கணும். அதுவுமில்லாம, தொப்பி மூடினா ஸ்டட் எவ்வளவு வெளிய வந்திருக்குன்னு தெரியாது. இந்தக் கறுப்பைப் பாருங்க. ஒரே துண்டா அடிச்சு, சூட்டுல பதம் பண்ணினது. முனை திறந்திருக்கு. ஸ்டட் எட்டிப் பார்க்குதா இல்லையான்னு கண்ணாலயே சொல்லிடலாம். ஆனா வாங்கறப்போ ஸ்டட்டும் சேர்த்து புதுசா வாங்கணும். பழைய ஸ்டட்ல புது நட்டைப் போட்டா பழசோட தேய்மானம் புதுசுக்கு ஒட்டிக்கும். சீசனுக்கு ஒரு தடவை இருபதையும் மாத்திடணும், நல்லாத்தான் இருக்குன்னு மனசு சொன்னாலும். மரைல எண்ணெய் தொட்டு வைக்கக் கூடாது. எண்ணெய் இருந்தா ரெஞ்ச் ஒரு அளவு காட்டும், ஸ்டட் அதுக்கு மேல இழுபடும். முதல் சுத்து ஓடி வந்ததும்..."

அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"முதல் சுத்து ஓடி வந்ததும்?" என்றாள் மகள்.

"மறுபடி ரெஞ்ச் வெச்சுப் பார்க்கணும்."

அந்த வீட்டில் அதை யாரும் செய்ததில்லை. முறுக்கியவர் அண்ணன் என்பதால் செய்ததில்லை. கூரைத் தகரம் வெயிலில் ஒரு முறை பொருமியது.

"கறுப்பே இருக்கட்டும்," என்றார் தம்பி. "இதையே முன்னாடி வாங்கியிருந்தா எனக்கு இந்தக் கதி இல்லை. ஏம்மா, பேனா எடு. நான் சொல்றேன், எழுது. 'எங்கள் அணி பயன்படுத்திய நட்டுகள் தரமற்றவை என்பதால்...'"

தராசு துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "என்னது? இன்னொரு தடவை சொல்லுங்க."

"உங்களைச் சொல்லலை ஐயா. தயாரிப்பைச் சொல்றேன்."

"நட்டு என் கடையில வாங்கினது. தயாரிச்சவன் எங்கேயோ இருக்கான், நான்தான் இங்க இருக்கேன். போனது அலுமினியமா? தொப்பி போட்டதா? எஃகு! நானே பொறுக்கிக் கொடுத்தது. கழலட்டுமேன்னு நான் விக்கறதுக்கு எனக்கு என்ன மரை கழண்டு போச்சா?" சட்டைப் பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துக் கவிழ்த்தார். ஐந்து நட்டுகள் மேசையில் விழுந்தன. "ஓடுதளத்துல பொறுக்கினது. குழு எனக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லிச்சு. பாருங்க. எல்லாரும் பாருங்க."

புதிய ஸ்டட் ஒன்றை எடுத்து, பழைய நட்டை அதன் நுனியில் வைத்து ஒரு விரலால் தட்டிவிட்டார். அது வழுக்கிக்கொண்டு அடிவரை சுற்றிப் போனது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது மட்டும் விளிம்பில் கடிபட்டிருந்தது.

"நட்டு தோத்திருந்தா உள்ள மரை உரிஞ்சு தூளா இருக்கும். இது நாலும் தானாச் சுத்திச் சுத்திக் கழண்டு வந்திருக்கு. கடைசி ஒண்ணு மட்டும் தனியாத் தாங்கிப் பார்த்திருக்கு, பாவம். இதுக்கு மேல நான் என்ன சொல்ல? நட்டு முறுக்கின மாதிரியே இல்லை."

பெரியவர் அந்த ஐந்தையும் பார்த்தார். எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு அழியாமல் இருந்தது.

பந்தயத்தன்று மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஈர நட்டில் பெயிண்ட் ஒட்டாது என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முறுக்குவதற்கு முன்பே நான்கு சக்கரத்துக்கும் கோடு இழுத்துவிட்டார். பிறகு, வைத்த அளவுக்கு நட்டு இறுகியதும் டிக் என்று சொல்கிற ரெஞ்சை எடுத்தார். வலது பின், இடது பின், வலது முன். இடது முன் சக்கரத்துக்குக் குனிந்தபோது சங்கத் தலைவர் ஒலிபெருக்கிக் குழலோடு வந்துவிட்டார். "முப்பத்தாறு வருஷத்துல ஒரு சக்கரம்கூடக் கழலாத கை இது!" என்று அவர் கையைப் பிடித்து உயர்த்தினார். பெரியவர் ரெஞ்சைக் கீழே வைத்து, சட்டையை இழுத்துவிட்டு, அவரோடு கூட்டத்தின் முன்னால் போய் நிமிர்ந்து நின்றார். கைதட்டினார்கள். திரும்பி வந்தபோது ரெஞ்ச் பெட்டிக்குள் போயிருந்தது. நான்கு சக்கரத்திலும் மஞ்சளைக் கண்ட மாப்பிள்ளை எடுத்து வைத்திருந்தார்.

இடது முன்? என்று ஒரு கணம் அவர் மனதில் எழுந்தது. பார்த்தார். கோடு இருந்தது. பெட்டியைத் திறக்கச் சொல்லலாம். தலைவர் இன்னும் பத்தடி தூரத்தில்தான் நின்றார். கைதட்டியவர்கள் கலையவில்லை. அத்தனை பேர் முன்னால், முறுக்கினேனா என்று சந்தேகமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அவர் சொல்லவில்லை. தம்பி காரில் ஏறிக் கதவை மூடிக்கொண்டார்.

"நான்தான்," என்றார் மாப்பிள்ளை.

ஷெட்டில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்தான் ஏர் கன் வெச்சு ஏத்தினேன். மழை வருதேன்னு அவசரம். சரியா உட்காரலை போல. மச்சான் முறுக்கறப்போ அது உட்கார்ந்த மாதிரி காட்டியிருக்கும், ஓட ஓட இளகியிருக்கும். அப்படித்தான் ஆகியிருக்கணும். வேற எப்படி? எழுதுங்க. என் பேரைப் போட்டு எழுதுங்க." அனுமதி அட்டையை ஏற்கெனவே கையில் எடுத்து வந்திருந்தார். கழுத்தில் மாட்டுகிற நாடாவை அட்டையைச் சுற்றி ஒழுங்காகச் சுற்றி மேசை ஓரத்தில் வைத்தார்.

தங்கை கணவரைப் பார்த்தாள், பிறகு பெரிய அண்ணனைப் பார்த்தாள். கேள்வி கேட்கிற பார்வை இல்லை அது. அண்ணனிடம் கேள்வி கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

தம்பி மகள்தான் கேட்டாள். ஸ்டூலுக்கு எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். "பெரியப்பா, எனக்கு நட்டுப் பாடம் எல்லாம் போதும். பதிமூணு நாள்ல நான் இதுல உட்காரணும். ஒண்ணு மட்டும் தெரியணும். இடது முன் சக்கரத்துல ரெஞ்ச் 'டிக்'னு சத்தம் கொடுத்துச்சா?"

"ஏய், யார்கிட்ட என்ன கேக்கறே?" என்று தம்பி அதட்டினார்.

"நான் பெரியப்பாகிட்டதான் கேக்கறேன்."

பெரியவருக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. சரியா தவறா என்றுகூட அப்போது தோன்றவில்லை. யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல அவர் குரலே அவருக்குக் கேட்டது.

"இல்லை. ரெஞ்சே வைக்கலை."

"அண்ணே..." என்றார் தம்பி.

"கோடு முதல்ல போட்டேன். மூணு முறுக்கினேன். தலைவர் கையைப் பிடிச்சாரு. நாலாவதை முறுக்கலை. திரும்பி வந்தப்போ சந்தேகம் வந்துச்சு. கேக்கலை."

தராசு தன் ஐந்து நட்டுகளையும் உறைக்குள் போட ஆரம்பித்தார்.

"சும்மா இருங்கண்ணே," என்றார் தம்பி. "மாப்பிள்ளையைக் காப்பாத்தறதுக்காக நீங்க..."

"எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை."

"அப்போ அஞ்சு வாரமா சொல்லாம இருந்தது என்ன?" என்றாள் தங்கை. அவள் குரல் உயரவில்லை. "அஞ்சு வாரமா இந்த மனுஷன் தூங்கலை. உட்கார்ந்த இடத்துல கையைப் பார்த்துக்கிட்டே இருக்காரு. நீங்க எங்க வீட்டுக்கு வந்தீங்க, காபி குடிச்சீங்க, போனீங்க. ரெண்டு தடவை வந்தீங்க."

"மூணு தடவை," என்றார் பெரியவர்.

"விடும்மா," என்றார் மாப்பிள்ளை.

"நீங்க விடுங்க. நான் விடலை."

தம்பி தன் காலைப் பார்த்தார். மாவுக்கட்டின் மேல் அலுவலகத் தோழர்கள் ஏதேதோ எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "ஆஸ்பத்திரியில என் பக்கத்துலயேதானே உட்கார்ந்திருந்தீங்க," என்றார். அவர் திட்டியிருந்தால் பெரியவருக்கு ஏதாவது உறைத்திருக்கலாம். தம்பி தண்ணீர் கேட்டார். மகள் எழுந்து போய்க் கொண்டுவந்தாள்.

பெரியவர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவை வாங்கித் தானே எழுதினார். அரைப் பக்கத்துக்கு மேல் வரவில்லை. பணிமனை அறிக்கை மாதிரி, நேரம், இடம், செய்தது, செய்யாதது. மழை என்றும் எழுதவில்லை, தலைவர் வந்தார் என்றும் எழுதவில்லை. அவை காரணம் ஆகாது. கீழே கையெழுத்து எப்போதும்போல நேராக விழுந்தது. அது அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. மாப்பிள்ளையின் அட்டையை எடுத்து நாடாவைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார்.

"மாப்பிள்ளை, மன்னிச்சிடுங்க."

மாப்பிள்ளை பதறி எழுந்தார். "என்ன மச்சான் இது, பெரியவங்க நீங்க போய்..."

"மாமா, உட்காருங்க," என்றாள் மகள். "அவர் சொல்லட்டும். நீங்க வாங்கிக்குங்க."

மாப்பிள்ளை உட்கார்ந்தார். அட்டையை எடுத்துக்கொண்டார்.

அதன்பின் வேலை நடந்தது. சாப்பாட்டுக்கு முன்பே தராசு புதிய ஸ்டட்டுகளையும் கறுப்பு நட்டுகளையும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது எடை சொல்லவில்லை. பழைய ஸ்டட்டுகளை அடித்து எடுத்து, புதியதை இழுத்து உட்கார வைத்து, நான்கு சக்கரத்தையும் மாட்ட மூன்று மணி ஆயிற்று. மாப்பிள்ளை ஏர் கன்னால் லேசாக ஏற்றினார். பெரியவர் ரெஞ்சில் நூற்றுப்பத்து நியூட்டன் மீட்டர் என்று அளவு வைத்து, நட்சத்திரம் போடுவதுபோல ஒன்று விட்டு ஒன்று முறுக்கினார். ஒவ்வொன்றுக்கும் ரெஞ்ச் டிக் என்றது. முடித்து எழுந்ததும் மகள் கையை நீட்டினாள்.

"ரெஞ்சைக் குடுங்க பெரியப்பா."

இருபது நட்டையும் அவர் கண் முன்னால் மறுபடி பார்த்தாள். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை பார்த்தார், முதலில் தயங்கி, பிறகு தயங்காமல். பெரியவர் சுவரோரம் நின்று இரண்டு பேருடைய டிக் சத்தத்தையும் எண்ணினார். நாற்பது. இத்தனை வருடத்தில் யாரும் அவர் வேலையைச் சரிபார்த்ததில்லை. அவமானமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். காத்திருந்தும் பார்த்தார். அதுவும் வரவில்லை.

குழு அவரை இரண்டு சீசனுக்குப் பந்தயத் திடலுக்குள் நுழையக் கூடாது என்று விலக்கியது. மாப்பிள்ளையின் அட்டை அப்படியே இருந்தது. பதின்மூன்றாம் நாள் மகள் ஓட்டி ஒன்பதாவதாக வந்தாள். முதல் சுற்று முடிந்ததும் காரை நிறுத்தி நட்டுகளைப் பார்த்ததில் நேரம் போனது. தங்கை பெரிய அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிறாள். தம்பி பேசுகிறார், சக்கரத்தைத் தவிர மற்றதெல்லாம் பேசுகிறார்.

வெளியே இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. பெரியவர் பெருந்தன்மையாக மாப்பிள்ளையின் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், தங்கையின் வாழ்க்கைக்காகத் தன் பெயரையே கொடுத்தார் என்கிறார்கள். சங்கத் தலைவர் அதை ஒலிபெருக்கியில் சொல்ல, அதற்கும் கைதட்டினார்களாம். அது பொய். மாப்பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை. இடது முன் சக்கரத்தைப் பெரியவர் முறுக்கவில்லை.